சட்ட நிறுவனத்தில் அசோசியேட் ஆக: கல்லூரியிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை

சட்ட நிறுவனத்தில் பார்ட்னர்கள் என்று சிலர் இருப்பார்கள். லாபத்தில் பங்கு உள்ளவர்கள், கட்சிக்காரருக்கு (வழக்கையோ வேலையையோ ஒப்படைப்பவருக்கு) பதில் சொல்ல வேண்டியவர்கள், கடைசியில் கையெழுத்துப் போடுபவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கீழே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வழக்கறிஞர்களை அசோசியேட் என்று அழைக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த அசோசியேட் தேடி எடுக்கும் தீர்ப்பு, தயாரிக்கும் ஒப்பந்த வரைவு, எழுதும் மெமோ (ஒரு சட்டக் கேள்விக்கு விடை சொல்லும் ஆய்வுக் குறிப்பு) எல்லாம் பெரும்பாலும் இன்னொருவர் பெயரில்தான் வெளியே போகும்.

அப்படியானால் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன? நீங்கள் தயாரித்ததை ஒரு சீனியர் நம்பிக் கையெழுத்துப் போட முடிய வேண்டும். அந்த நிலைக்கு வர ஒரே வழி, உங்கள் எழுத்தை யாராவது வரிவரியாகத் திருத்திக் கொடுப்பதுதான். கல்லூரி, இன்டர்ன்ஷிப், முதல் வேலை என எதைத் தேர்ந்தெடுக்கும்போதும் 'இங்கே என் எழுத்தை யார் திருத்துவார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். சம்பளம், நிறுவனத்தின் பெயர் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான் என்பது என் உறுதியான கருத்து.

எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறீர்கள்?

கல்லூரியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே நாட்டை முடிவு செய்துவிடுவது நல்லது. ஒரு நாட்டில் வாங்கிய சட்டப் பட்டம் இன்னொரு நாட்டில் தொழில் செய்யும் உரிமையைத் தானாகத் தருவதில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலமே உரிமம் வேறு.

இந்தியாவில் இரண்டு வழிகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேரலாம். அல்லது ஏதாவது ஒரு பட்டம் வாங்கிவிட்டு மூன்றாண்டு எல்எல்பி படிக்கலாம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு கிளாட் தேர்வு. டெல்லியில் உள்ளதற்கு மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு. பட்டம் வாங்கியபின் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் தொழில் உரிமத்துக்கான அகில இந்திய பார் தேர்வு. இந்தத் தேர்வை நடத்த பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு நெடுங்காலம் நிலுவையில் இருந்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்துவிட்டது.

அமெரிக்காவில் சட்டம் என்பது முதல் பட்டம் வாங்கியபின் படிக்கும் படிப்பு. ஏதாவது ஒரு துறையில் பட்டம், அதன்பின் ஜேடி என்ற மூன்றாண்டுச் சட்டப் பட்டம், அதன்பின் தொழில் செய்யப்போகும் மாநிலத்தின் பார் தேர்வு. சேர்க்கைக்கு எல்சாட் தேர்வு எழுதுகிறார்கள். பலரைப் பயமுறுத்திவந்த தர்க்கப் புதிர்ப் பகுதி 2024 ஆகஸ்டிலிருந்து அந்தத் தேர்வில் இல்லை. பழைய பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதற்காக உட்கார்ந்துவிடாதீர்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாலிசிட்டராக (அங்கே சட்ட நிறுவனங்களில் பெரும்பாலும் இருக்கும் வகை வழக்கறிஞராக) வர, 2021இலிருந்து எஸ்க்யூஇ என்ற தேர்வு வந்திருக்கிறது. எந்தத் துறைப் பட்டம் இருந்தாலும் எழுதலாம். முதல் கட்டத்தில் 360 கொள்குறி வினாக்கள். இரண்டாம் கட்டத்தில் வரைவு எழுதுவது, கட்சிக்காரரை நேர்காண்பது, நீதிமன்றத்தில் வாதிடுவது போன்ற செய்முறைச் சோதனைகள். இவற்றோடு இரண்டாண்டு தகுதி அனுபவமும் வேண்டும். அந்த அனுபவத்தை அதிகபட்சம் நான்கு இடங்களில் சேர்த்துக் காட்டலாம் என்பது, பெரிய நிறுவனத்தில் பயிற்சி இடம் கிடைக்காதவர்களுக்குப் பெரிய வாய்ப்பு. அங்கே பயிற்சிக் காலத்தில் உங்களை டிரெயினி என்பார்கள். தகுதி பெற்ற பிறகுதான் அசோசியேட். கனடாவில் ஆர்ட்டிக்ளிங் என்ற பயிற்சிக் காலம் உண்டு. வெளிநாட்டில் சட்டம் படித்துவிட்டுக் கனடா போகிறவர்கள் முதலில் என்சிஏ அமைப்பிடம் தங்கள் படிப்பை மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் எல்எல்எம் என்ற முதுகலைச் சட்டப் படிப்பு படித்தால் அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் பெரிய கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலம் வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகளைச் சில நிபந்தனைகளோடு பார் தேர்வு எழுத அனுமதிக்கிறது. பலர் ஓராண்டு எல்எல்எம் முடித்துவிட்டு எழுதுகிறார்கள். ஆனால் தேர்வு எழுதும் தகுதி வேறு, வேலை கிடைப்பது வேறு, அங்கே தங்கி வேலை பார்க்க விசா கிடைப்பது வேறு. அந்த மாநிலத்தின் பார் தேர்வு வாரியம் உங்கள் பட்டத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, தகுதி உண்டா என்று சொல்லும். அந்தப் பதில் எழுத்தில் கைக்கு வரும் முன் கல்லூரிக் கட்டணம் கட்டாதீர்கள்.

கல்லூரியில் எதைச் சேர்த்துக்கொள்வது

வழக்குகளை நேரடியாகப் படித்துச் சட்டம் கற்கும் முறையை 1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் டீனாகப் பொறுப்பேற்ற லாங்டெல் கொண்டுவந்தார். இன்றும் சட்ட நிறுவன வேலைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. நோட்ஸ் படித்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் தீர்ப்பை முழுமையாகப் படித்துப் பழகாதவர், வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே திணறுவார்.

வாரத்துக்கு ஒரு தீர்ப்பு போதும். முதலில் வழக்கின் சங்கதிகளை ஐந்தாறு வரியில் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். அடுத்து, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். இதுதான் கடினம், பெரும்பாலோர் கேள்வியை மிகப் பரந்ததாக எழுதிவிடுவார்கள். பிறகு நீதிமன்றம் சொன்ன விடை, அதற்குச் சொன்ன காரணம். தீர்ப்பு நிற்பதற்குத் தேவையான காரணம் எது, நீதிபதி போகிறபோக்கில் சொன்ன கருத்து எது என்று பிரித்துப் பாருங்கள். முந்தையது பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும், பிந்தையது கட்டுப்படுத்தாது. பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நீதிபதி எழுதிய எதிர்த்தீர்ப்பு இருந்தால் அதையும் படியுங்கள். தோற்ற தரப்பின் மிக வலுவான வாதம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடைசியாக, அந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த எந்த நீதிமன்றமாவது மாற்றியிருக்கிறதா, தன் வழக்குக்கு அது பொருந்தாது என்று வேறுபடுத்தியிருக்கிறதா என்று தேடுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டு வருடம் விடாமல் இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம் நேர்முகத் தேர்வின் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாடங்களில் ஒப்பந்தச் சட்டம், நிறுவனச் சட்டம், உரிமையியல் நடைமுறை, சாட்சியச் சட்டம் ஆகிய நான்கும் அடித்தளம். நிறுவன இணைப்பு வேலைக்குப் போக நினைப்பவர்கள் சாட்சியச் சட்டத்தைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். தவறு அது. ஒப்பந்தம் எழுதும்போதே, நாளைக்கு இது நீதிமன்றத்துக்குப் போனால் எதை எப்படி நிரூபிப்போம் என்று யோசிக்கத் தெரிந்தவர்தான் நல்ல வரைவாளர். கணக்கியலில் ஒரு அடிப்படை வகுப்பும் எடுத்துவிடுங்கள். இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாமல் கடன் ஒப்பந்தத்தில் வரும் நிதி நிபந்தனைகளைப் புரிந்துகொள்ள முடியாது.

மாதிரி நீதிமன்றப் போட்டி, சட்ட இதழ் இரண்டும் பெயருக்குச் சேர வேண்டியவை அல்ல. மாதிரி நீதிமன்றத்தில் பேச்சைவிட, அதற்காக எழுதும் எழுத்து வாதத்தில்தான் அதிகம் கற்பீர்கள். சட்ட இதழில் மேற்கோள்களைச் சரிபார்க்கும் வேலை சலிப்பாக இருக்கும். ஆனால் முதல் வருட அசோசியேட்டின் அன்றாட வேலையில் பெரும்பங்கு அதுதான். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், எங்கே உங்கள் எழுத்தைக் கூர்ந்து திருத்தும் சீனியர் மாணவரோ பேராசிரியரோ இருக்கிறாரோ அங்கே போங்கள்.

மதிப்பெண் முக்கியமா என்று கேட்பவர்களுக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: முதல் வேலைக்கு முக்கியம்தான். அமெரிக்காவில் முதல் ஆண்டு மதிப்பெண்ணை வைத்தே இரண்டாம் கோடைக்கான சம்மர் அசோசியேட் இடங்கள் (கோடை விடுமுறையில் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மாணவர் இடங்கள்) முடிவாகின்றன; அந்தக் கோடையில் நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் வேலை. முதல் ஆண்டில் சறுக்கியவர்களுக்கு வேறு வாசல்களும் உண்டு. நடுத்தர நிறுவனங்கள், குறிப்பிட்ட துறையில் மட்டும் வேலை செய்யும் சிறு நிறுவனங்கள், நீதிபதிகளுக்குச் சட்ட ஆய்வில் உதவும் கிளார்க் பணி. ஒரு நீதிபதியின் அறையில் ஓராண்டு இருந்தவருக்கு, எந்த வாதம் ஏன் எடுபடவில்லை என்று உள்ளிருந்தே பார்க்கக் கிடைக்கிறது. வழக்காடல் பக்கம் போகிறவருக்கு அது பெரிய சொத்து.

இன்டர்ன்ஷிப்

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் இன்டர்ன்ஷிப் செய்திருக்க வேண்டும் என்கின்றன. அதைச் சான்றிதழ் சேர்க்கும் கணக்காக எடுத்துக்கொள்ளாமல், வரிசையாகத் திட்டமிடுங்கள். முதலில் கீழமை நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். வழக்குக் கட்டு எப்படி இருக்கும், பிரமாணப் பத்திரம் எப்படித் தாக்கலாகிறது, வாய்தா ஏன் கேட்கிறார்கள் என்று பார்த்தபிறகு பெரிய நிறுவனத்துக்குப் போனால், அங்கே மேசையில் பார்க்கும் காகிதத்தின் பொருள் வேறு மாதிரி புரியும். படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளை வேலைக்குச் சேர விரும்பும் நிறுவனங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போன பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான். கொடுத்த வேலையை முடித்துத் தந்ததோடு நிற்காமல், அதன் இறுதி வடிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'நான் எழுதிய குறிப்பில் எதை மாற்றினீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?' என்று கேட்டால் பெரும்பாலான அசோசியேட்டுகள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். உங்கள் வரைவையும் கடைசி வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள். ரகசிய ஆவணங்களை வீட்டுக்குக் கொண்டுவராமல் அலுவலகத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

விண்ணப்பம், நேர்முகம், உரிமத் தேர்வு

சுயவிவரம் ஒரு பக்கம். அதில் எழுதிய ஒவ்வொரு வரியைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேச முடிய வேண்டும், முடியாததை எடுத்துவிடுங்கள். கூடவே ஒரு எழுத்து மாதிரி தயாராக இருக்கட்டும். இன்டர்ன்ஷிப்பில் எழுதியதைக் கொடுப்பதாக இருந்தால் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், கட்சிக்காரர் யார் என்று தெரியாதபடி மறைத்திருக்கவும் வேண்டும். சந்தேகம் இருந்தால் கல்லூரிக்காக எழுதியதையே கொடுத்துவிடுங்கள்.

நேர்முகத்தில் 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று கடைசியில் கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களின் வரைவை யார் பார்க்கிறார்கள், திருத்தம் எந்த வடிவத்தில் திரும்பி வரும், வேலையைப் பிரித்துக் கொடுப்பது யார், மூன்றாம் ஆண்டில் இருப்பவர் எந்த மாதிரி வேலையைத் தனியாகக் கையாள்கிறார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். முடிந்தால் அங்கே இரண்டு, மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியேறிய ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள்.

உரிமத் தேர்வைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அகில இந்திய பார் தேர்வில் 100 கேள்விகள். விளக்கவுரை இல்லாத சட்டப் புத்தகங்களை உள்ளே எடுத்துப் போகலாம். எந்தச் சட்டத்தில் எது எங்கே இருக்கிறது என்று பழகியிருந்தால் போதும். அமெரிக்க பார் தேர்வு வேறு ரகம். பல மாநிலங்களில் இரண்டு நாள், அதில் ஒரு நாள் முழுக்க 200 கொள்குறி வினாக்கள். பட்டம் வாங்கியபின் இரண்டு, இரண்டரை மாதம் வேறு எதுவும் செய்யாமல் படிக்கிறார்கள். 2026 ஜூலையிலிருந்து சில மாநிலங்கள் புதிய வடிவத்துக்கு மாறுகின்றன என்பதால், உங்கள் மாநிலத்துக்கு எது என்று முதலில் பாருங்கள். தேர்வோடு நன்னடத்தை விசாரணையும் உண்டு. பழைய கடன், கல்லூரியில் நடந்த ஒழுங்கு நடவடிக்கை எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். பல நேரம் சம்பவத்தைவிட அதை மறைத்ததுதான் உரிமத்துக்குத் தடையாகிறது.

முதல் வேலையை வாங்கிக்கொள்வது எப்படி

சரி, சேர்ந்துவிட்டீர்கள். சீனியர் கூப்பிட்டு இரண்டு நிமிடத்தில் ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். முதல் வருடத்தில் நடக்கும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு நிமிடத்தில்தான் உருவாகின்றன என்று நினைக்கிறேன்.

எப்போதும் நோட்டோடு போங்கள். அங்கிருந்து எழுந்து வருவதற்குள் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். கட்சிக்காரர் யார், இந்த விவகாரத்தில் அவருக்கு என்ன வேண்டும்? நான் தரப்போவது எந்த வடிவத்தில் இருக்க வேண்டும்: நான்கு வரி மின்னஞ்சலா, ஐந்து பக்க மெமோவா, நேரடியாக மனுவில் சேர்க்கும் பத்தியா? எப்போது வேண்டும், அந்த நேரம் உண்மையான கெடுவா, சீனியர் பார்த்துத் திருத்த எடுத்துக்கொள்ளும் நேரமும் அதில் அடங்குமா? எந்த நாட்டு, எந்த மாநிலச் சட்டம்? இதில் எவ்வளவு நேரம் செலவழிக்கலாம்? இதே மாதிரி முன்பு செய்த ஆவணம் அலுவலகத்தில் இருக்கிறதா? இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சீனியர் ஒரு மெமோவின் முதல் பத்தியை மட்டும் எதிர்பார்த்திருக்க, நீங்கள் மூன்று நாள் உழைத்து இருபது பக்கம் எழுதிக்கொண்டு போனால் இருவருக்கும் நஷ்டம். இடத்துக்குத் திரும்பியதும் புரிந்துகொண்டதை மூன்று வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

கேள்விகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையாகக் கேளுங்கள். ஒவ்வொன்றோடும் நீங்கள் நினைக்கும் விடையையும் சொல்லுங்கள். 'காலவரம்பு மூன்று ஆண்டு என்று நினைக்கிறேன், இந்தப் பிரிவின்படி. ஆனால் கடிதத்தில் கடனை ஒப்புக்கொண்டிருப்பதால் புதிதாக எண்ண வேண்டுமோ என்று சந்தேகம்' என்று கேட்பவருக்குச் சீனியர் மனமுவந்து நேரம் ஒதுக்குவார். 'காலவரம்பு எவ்வளவு?' என்று மட்டும் கேட்பவரை நூலகத்துக்கு அனுப்பிவிடுவார்.

மெமோ எழுதும்போது விடை முதலில் வரட்டும். கேள்வி, விடை, அதற்கான காரணம், நமக்கு எதிரான தீர்ப்புகள், இன்னும் தெரிய வேண்டிய சங்கதிகள் என்ற வரிசை பெரும்பாலான வேலைகளுக்குப் பொருந்தும். எதிரான தீர்ப்பைப் பின்பக்கத்தில் ஒளித்துவைக்காதீர்கள். எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் எடுத்து நீட்டும்போதுதான் சீனியருக்கு அது தெரியவந்தால், உங்கள் மேல் உள்ள நம்பிக்கை திரும்ப வர வெகுகாலம் பிடிக்கும். விடை உறுதியாக இல்லையென்றால் எந்த இடத்தில் உறுதியில்லை என்று எழுதுங்கள்.

சரிபார்ப்பது

இதைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் தகும். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு போதும். 2008இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், சுமார் 30 கோடி டாலர் மதிப்புள்ள ஒரு குத்தகைக் கடனை அடைக்க முடிவு செய்தது. கடன் அடைந்ததும் அதற்கான பிணையப் பதிவுகளை (கடனுக்கு ஈடான சொத்தின் மேல் கடன் கொடுத்தவருக்கு உள்ள உரிமையைக் காட்டும் பதிவுகளை) ரத்து செய்யும் படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். பார்ட்னர் ஒருவர், தேவையான ஆவணங்களின் பட்டியலைத் தயாரிக்கும்படி அசோசியேட்டிடம் சொன்னார். அசோசியேட், பதிவுகளைத் தேடித் தரும்படி வழக்கறிஞர்களுக்கு உதவும் ஒரு பாராலீகல் ஊழியரிடம் சொன்னார். தேடலில் மூன்று பதிவுகள் கிடைத்தன. அவற்றில் மூன்றாவது, இந்தக் கடனோடு சம்பந்தமே இல்லாத 150 கோடி டாலர் கடனுக்கு உரியது. அந்தக் கடனை நிர்வகித்தது ஜேபிமார்கன் வங்கி. மூன்றும் பட்டியலில் ஏறின. வங்கி தரப்பு வழக்கறிஞர்களும் ஆவணங்களைப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். யார் கண்ணிலும் படாமலே மூன்றும் தாக்கலாகின. மறு ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோதுதான் விஷயம் வெளிவந்தது. யாரும் அதை ரத்து செய்ய நினைக்கவில்லை என்றாலும், தாக்கல் செய்ய வங்கி அனுமதி கொடுத்துவிட்டது, ஆகவே ரத்து செல்லும் என்று 2015 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதில் ஒவ்வொருவரும் முந்தியவர் பார்த்திருப்பார் என்று நம்பினார்கள். அந்தச் சங்கிலியில் பதிவு எண்ணை ஒப்பந்தத்தோடு வைத்துப் பார்க்கும் வாய்ப்பும் நேரமும் அதிகமாக இருந்தது கீழே இருந்தவர்களுக்குத்தான். பெரிய நிறுவனத்தில் உங்களுக்கு மேலே நான்கு பேர் பார்ப்பார்கள் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் ஒவ்வொரு உருப்படிக்கும் எதிரில் அது எந்த மூல ஆவணத்திலிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள். தொகை, தேதி, பெயர், பதிவு எண் நான்கையும் திரையில் பார்க்காமல் அச்சிட்டு, வேறு எதையும் கவனிக்காமல் ஒரு முறை தனியாகப் பாருங்கள். ஒப்பந்தத்தில் 'பிரிவு 7.2இல் சொன்னபடி' என்று வந்தால் 7.2க்குப் போய் அங்கே உண்மையிலேயே அது இருக்கிறதா என்று பாருங்கள். வரைவு மாறும்போது எண்கள் நகர்ந்துவிடும். சட்டப் பிரிவை மேற்கோள் காட்டினால் சம்பவம் நடந்த தேதியில் எந்தச் சட்டம் அமலில் இருந்தது என்று பாருங்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதற்கு முந்தைய குற்றத்துக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதா என்பதை நிறுவனத்தின் விதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அனுமதி இருந்தாலும், அது தரும் தீர்ப்பை மூலத்தில் திறந்து படிக்காமல் ஒரு எழுத்தும் வெளியே போகக் கூடாது. 2023இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டினார்கள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். கட்சிக்காரரின் ரகசியத்தை வெளிக் கருவி ஒன்றில் ஒட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

திருத்தம் திரும்பி வரும்போது

சிவப்புக் கோடுகள் நிறைந்து வரும் வரைவைப் பார்த்து மனம் உடைந்துபோகிறவர்கள் உண்டு. எதுவும் திருத்தாமல் உங்கள் வரைவை வாங்கி வைத்துக்கொண்டு, தானே புதிதாக எழுதி அனுப்பிவிடும் சீனியரிடம்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். அவரிடம் கற்க எதுவும் கிடைக்காது. திருத்தங்களை அப்படியே ஏற்றிக்கொண்டு கோப்பை மூடிவிடாதீர்கள். ஒரு தனிக் கோப்பில் திருத்தத்தின் வகையை எழுதிவையுங்கள்: நீளமான வாக்கியம், விடை பின்னால் வந்தது, ஒப்பந்தத்தில் வரையறுத்த சொல்லை மாற்றி எழுதியது, எதிர்த்தரப்பின் கோணத்தை விட்டது. ஆறு மாதத்தில் உங்களுக்கென்றே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் அதிலிருந்து உருவாகிவிடும். திருத்தம் தவறு என்று தோன்றினால் ஆதாரத்தோடு அமைதியாகச் சொல்லுங்கள். நல்ல சீனியர் அதை விரும்புவார்.

தவறு நடந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். என்ன நடந்தது, இப்போது என்ன நிலை, எப்படிச் சரிசெய்யலாம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாக்கல் கெடு முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது தெரிந்த தவறைச் சரிசெய்ய வழி இருக்கும். மறுநாள் காலை இருக்காது.

நேரக் கணக்கு

மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனங்களில் ஒவ்வொரு ஆறு நிமிடத்தையும் ஒரு அலகாகக் குறிப்பது பரவலான வழக்கம். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் ஆண்டுக்கு 1,900 முதல் 2,000 மணி வரை கட்டணம் கேட்கக்கூடிய வேலையை எதிர்பார்க்கின்றன. 2,000 என்றால், விடுப்பு போக 48 வாரம் வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு ஏறக்குறைய 42 மணி. பயிற்சி வகுப்பு, அலுவலகக் கூட்டம், சாப்பாடு எதுவும் இதில் சேராது. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

டைம்ஷீட்டை அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது துல்லியமாக இருக்காது. குறைவாக எழுதினால் உங்கள் உழைப்பு மறைந்துபோகும், அதிகமாக எழுதினால் அது கட்சிக்காரரை ஏமாற்றுவது. 'ஆய்வு' என்று ஒற்றைச் சொல்லில் எழுதாமல் எந்தக் கேள்வியில், எதற்காக என்று எழுதுங்கள். ஒருவருக்காகப் பயணம் செய்யும்போது இன்னொருவரின் வேலையைச் செய்துவிட்டு அந்த நேரத்துக்கு இருவரிடமும் கட்டணம் கேட்கக் கூடாது என்று அமெரிக்க பார் சங்கம் 1993லேயே தன் நெறிமுறைக் கருத்தில் சொல்லியிருக்கிறது. ஒரு வேலைக்கு அதிக நேரம் ஆகிவிட்டதே என்று நீங்களாகவே குறைத்து எழுதவும் வேண்டாம். உண்மையான நேரத்தை எழுதுங்கள். பில்லில் எவ்வளவு குறைப்பது என்பது பார்ட்னரின் முடிவு.

ரகசியத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்தூக்கியில், தொலைபேசியில், குடும்பக் குழுவில் எங்குமே கட்சிக்காரரின் பெயர் வரக் கூடாது. நிறுவன இணைப்பு வேலையில் இருக்கும்போது சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் பங்கை நீங்கள் வாங்குவதும், வீட்டில் யாரிடமாவது சொல்லி அவர்கள் வாங்குவதும் குற்றம். வேலையோடு உரிமமும் போய்விடும்.

நேரம் போதாதபோது

இரண்டு சீனியர்கள் ஒரே நாளில் வேலை கொடுத்தால் இருவருக்கும் 'சரி' என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பதுதான் புதியவர்களின் வழக்கம். அதற்குப் பதிலாக, கையில் இருப்பதைப் பட்டியலிட்டு இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். எது முதலில் என்பதை அவர்கள் பேசி முடிவு செய்யட்டும். அது மறுப்பு ஆகாது. தாமதத்தை முன்கூட்டியே சொல்வதும் உங்கள் வேலையின் பகுதிதான்.

உடம்பையும் மனதையும் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். 2016இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, பணியில் இருக்கும் சுமார் 12,800 வழக்கறிஞர்களிடம் கேட்டுப் பார்த்தது. ஐந்தில் ஒருவருக்குக் குடிப்பழக்கம் பிரச்சினையாகும் அளவில் இருந்தது. 28 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. தொழிலில் முதல் பத்து ஆண்டுகளில் இருப்பவர்களிடம்தான் குடிப்பிரச்சினை மிக அதிகம். தூக்கம் தொடர்ந்து கெட்டுப்போனால், காலையில் அலுவலகம் போவதை நினைத்தாலே நடுக்கம் வந்தால், மருத்துவரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பால் கிராவத் என்ற வழக்கறிஞர் வகுத்த முறையைத்தான் இன்றும் பெரிய நிறுவனங்கள் ஏதோ ஒரு வகையில் பின்பற்றுகின்றன. கல்லூரியிலிருந்து நேரடியாக எடுத்து, பார்ட்னர்களின் கீழ் மாற்றி மாற்றிப் பயிற்சி கொடுத்து, குறிப்பிட்ட காலத்தில் பார்ட்னராக உயர்த்துவார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். ஆகவே சேர்பவர்களில் பெரும்பாலோர் அங்கே பார்ட்னர் ஆவதில்லை. இதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். ஆனால் மூன்றாம் ஆண்டிலேயே திட்டமிட வேண்டும்.

முதல் ஆண்டில் கிடைத்த வேலையையெல்லாம் செய்யுங்கள். இரண்டாம் ஆண்டில் எந்தத் துறையின் பிரச்சினைகள் அலுவலகம் முடிந்த பிறகும் உங்கள் தலைக்குள் ஓடுகின்றன என்று கவனியுங்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு சிறிய விவகாரத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை உங்கள் பொறுப்பில் தரும்படி கேளுங்கள். தராவிட்டால், ஏன் என்று கேளுங்கள். எழுத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் என்ன திருத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். கொடுக்க வேலையே இல்லை என்றால் வேறு இடம் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வெளியேறும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இந்தியாவில் ஒரு கம்பெனியின் முழுநேரச் சம்பளச் சட்ட அலுவலராகச் சேர்ந்தால், பார் கவுன்சில் விதி 49இன்படி வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். இரண்டாவது, வரைவுகளையும் மாதிரி ஒப்பந்தங்களையும் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவை கட்சிக்காரருக்கும் நிறுவனத்துக்கும் சொந்தமானவை. திருத்தங்களை வகைப்படுத்தி நீங்கள் எழுதிவைத்த பட்டியலில் எந்த விவகாரத்தின் விவரமும் இல்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டு, நிறுவனத்திடம் சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.